நெல்மணிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

எங்களுக்குப் பர்மாவில் தட்டோன் பக்கம் வயல். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று 64 கட்டமும் இரட்டிக்கிற கதையை மகனுக்குச் சொன்னேன். மொத்தத்தைப் போன் கால்குலேட்டர் முழுசாகக் காட்டவில்லை. அது பகா எண்ணா என்கிறான் மகன். ஒன்பதால் வகுபடுமா என்கிறார் மாமனார்.

மோல்மேனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முழு எண் இதோ: 18446744073709551615. இருபது இலக்கம்.

இதன் கடைசி இலக்கத்துக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 65-ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் எத்தனை நெல் வருமோ, அதில் ஒன்று குறைவுதான் உங்கள் மொத்தம். அதாவது, 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். 64 நான்கால் வகுபடுவதால் முடிவது 6. ஒன்று போனால் 5. ஐந்தில் முடிந்தால் பகா எண் எப்படி ஆகும்?

மாமனாரின் வயதை என்னால் ஊகிக்க முடிகிறது! 1987-இல் 45, 90 கியாட் நோட்டுகளைக் கையில் வாங்கியவர்களுக்கு ஒன்பதின் மேல் ஒரு கண் இருக்கும். அந்த நோட்டுகளோடு சில்லறை கணக்குப் பார்த்தவர்களுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு மறக்குமா? சரி, இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87. மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுத்தால் ஆறு மிஞ்சும். அவருக்கு ஏமாற்றம்தான்.

பையனுக்குப் பிடிக்கப்போவது இனிமேல்தான். இந்த எண் ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைவு என்பதால் இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிளக்கலாம். பிளந்ததில் சிறியதை மறுபடி பிளக்கலாம். பிளந்துகொண்டே போனால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று நிற்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணே என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். ஆறாவதை 641 வகுக்கும் என்று 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் காட்டினார்.

ஏன் 641? அது 5 × 128 + 1. அதுவே 625 + 16-உம் கூட. 641-ஆல் வகுக்கும்போது 5 × 128-க்கு மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு), மீதி 1. இங்கே 625-க்குப் பதில் −16 போடலாம். அப்போது −(2-இன் 32-ஆம் அடுக்கு) என்பதற்கு மீதி 1. ஆகவே அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், நான்கு வரிதான்.

4294967297 = 641 × 6700417. ஆக மொத்தம் ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. எடுக்கலாம், விடலாம் என்று ஏழு முறை இரட்டித்தால் இந்த எண்ணுக்கு 128 வகுத்திகள். பலகையின் முதல் வரிசைக் கடைசிக் கட்டத்திலும் அத்தனை நெல்தான். அதுவரைக்கும் உங்கள் வீட்டு நெல்லையே வைத்துப் பார்க்கலாம்.