கடை மாடி ஒழுகினால் தளத்தையே பெயர்க்க வேண்டுமா?

சென்னையில் உங்கள் வணிக வளாகத்தின் மொட்டை மாடி ஒழுகுகிறது, ஒப்பந்தக்காரர் முழுத் தளத்தையும் பெயர்க்கச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வாயை மூடி, ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்றில்லை. தட்டோட்டுக்கு (மாடித் தரையில் பதிக்கும் தட்டையான ஓடு) அடியிலுள்ள செங்கல் ஜல்லி அடுக்குக்குள் தண்ணீர் பக்கவாட்டிலும் ஓடும். கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, ஏசி குழாய்த் துளை, தொட்டியின் அடி எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்.

தட்டோட்டு இணைப்பு மட்டும் விட்டிருந்தால் அதை அடைத்தாலே போதும். உட்கூரையில் காரை உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால் தண்ணீர் கட்டாதீர்கள், கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேலே பூசும் ரசாயனம் அந்தக் கம்பியைக் காப்பாற்றாது.