காணியும் சட்டமும்: வாசகர் கேள்வி, சட்டத்தரணி பதில்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீடொன்றை 3 கோடி ரூபாய்க்கு வாங்கப் பேசியிருக்கிறோம். விற்பவருடைய நொத்தாரிசே உறுதியை முடித்துத் தருவார் என்றும், நாங்கள் வேறொரு சட்டத்தரணியை அமர்த்துவது வீண் செலவு என்றும் தரகர் சொல்கிறார். அடுத்த கிழமை 20 இலட்சம் ரூபாயை முற்பணமாகக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். என் கணவர் டோகாவில் வேலை செய்வதால் முடிவை நானே எடுக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கொழும்பு 6

பதில்: அந்த 20 இலட்சத்தை இப்போது கொடுக்க வேண்டாம். நல்ல வேளையாக, பணம் கைமாறும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முற்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையா ஆதனத்தை விற்கும் உறுதி மட்டுமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கைச்சாத்திடப்பட வேண்டும். வெறும் ரசீதை வைத்துக்கொண்டு விற்பனையை முடித்துத் தருமாறு நீதிமன்றத்தில் கேட்க உங்களால் முடியாது. விற்பவர் மனம் மாறினால், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதற்கே வழக்குப் பேச வேண்டிவரும். ஆகவே முற்பணம் கொடுப்பதானால் அது நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய விற்பனை உடன்படிக்கையின் கீழ் இருக்கட்டும். அந்த உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, யாருடைய நொத்தாரிசு என்பது. இங்கே சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதனால், உறுதி எழுதுவதுதான் அவருடைய வேலை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உறுதி எழுதுவது அந்த வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே. அதற்கு முன்னர் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் கைமாற்றங்கள் பதியப்பட்ட ஏடு) பார்த்து, குறைந்தது 30 வருட உரித்து வழியை ஆராய்ந்து, ஈடு, சீவிய உரித்து (ஒருவர் தன் வாழ்நாள் முழுதும் ஆதனத்தை அனுபவிக்கும் உரிமை), வழக்குப் பதிவு, நீதிமன்றத் தடை ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று கண்டறிந்து, அதை எழுத்தில் உரித்து அறிக்கையாகத் தருவதுதான் நீங்கள் அவருக்குப் பணம் கொடுப்பதற்கான காரணம். உறுதி எழுதும் நொத்தாரிசு பதிவேடுகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதிக்கும் கடமை. ஆனால் தேடுதல் வேண்டாமென்று தரப்பினர் எழுதிக் கைச்சாத்திட்டால் அவர் அதைச் செய்யாமல் விடலாம். அப்படியொரு வசனத்தைக் கடைசி நேரத்தில் உங்கள் முன் வைத்தால் கைச்சாத்திடாதீர்கள். விற்பவருடைய நொத்தாரிசு நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் விலை, கால எல்லை, குறைபாடு ஆகியவற்றில் உங்கள் பக்கம் நின்று பேசுவது அவர் வேலையல்ல. உறுதிச் செலவை வழக்கமாக வாங்குபவர்தான் ஏற்கிறார் என்பதால், நொத்தாரிசைத் தெரிவு செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

தொடர்மாடி வீட்டுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவையும் உண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் கட்டடத்தின் வரைபடம் பதிவாகியிருந்தால்தான் உங்கள் வீடு தனியொரு ஆதனமாகக் கணிக்கப்படும். கட்டியவர் வங்கிக்கு முழுக் காணியையும் ஈடு வைத்திருந்தாரா, வைத்திருந்தால் இந்த வீடு அதிலிருந்து விடுவிக்கப்பட்டதா என்று உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும். சோலைவரியும், கட்டடத்தின் பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குரிய மாதக் கட்டணமும் நிலுவையின்றிச் செலுத்தப்பட்டிருக்கின்றன என்பதற்கு எழுத்துமூலச் சான்று கேளுங்கள். முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாய்க்கு 3 சதவீதமும் எஞ்சிய தொகைக்கு 4 சதவீதமுமாக அறவிடப்படுகிறது. 3 கோடிக்கு அது 1,199,000 ரூபாய். இதைக் குறைப்பதற்காக உறுதியில் குறைந்த விலையைக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். தீர்வை ஆதனத்தின் உண்மையான பெறுமதியின் மேல்தான் கணிக்கப்படும் என்பது ஒன்று. பிற்காலத்தில் பிணக்கு வந்தால் நீங்கள் கொடுத்த பணத்துக்கு உறுதியே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்பது மற்றொன்று.

சட்டத்தரணியைச் சந்திக்கும்போது, தோம்பை அவரே நேரில் பார்ப்பாரா, உரித்து அறிக்கையை எழுத்தில் தருவாரா, கட்டணம் எவ்வளவு, அதற்குள் எவை அடங்கும் என்று நேராகவே கேளுங்கள். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் உங்கள் வீட்டை ஒப்படைக்க வேண்டியதில்லை. உறுதி ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்படுமானால், ஒவ்வொரு பந்தியையும் தமிழில் விளங்கப்படுத்திய பின்னரே கைச்சாத்திடுங்கள்.

கேள்வி: எங்கள் தந்தையார் 2003இல் உயில் எழுதாமலே காலமானார், தாயார் அதற்கு முன்பே போய்விட்டார். கொட்டாஞ்சேனையிலுள்ள வீடு அண்ணர், நான், கனடாவில் குடியுரிமை பெற்ற தங்கை ஆகிய மூவருக்கும் உரியது. அதில் குடியிருக்கும் அண்ணர், பத்து வருடம் கடந்துவிட்டதால் வீடு தனக்கே சொந்தம் என்கிறார். வழக்குப் போட வேண்டுமா? எப்படிப்பட்ட சட்டத்தரணியிடம் போக வேண்டும்?
– வாசகர், வத்தளை

பதில்: உங்கள் அண்ணர் சொல்வது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பாதிதான். பத்து வருடம் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரான நிலையில் ஆட்சி செய்தவருக்கு அச்சட்டம் உரித்துத் தருவது உண்மை. ஆனால் கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் செய்யப்படும் ஆட்சியாகவே கருதப்படும் என்று, அக்காலத்தில் நமது மேன்முறையீடுகளை இறுதியாக விசாரித்த இலண்டன் கோமறைக் கழகம் 1911இல் கொரெயா எதிர் அப்புஹாமி வழக்கில் தீர்ப்பளித்தது. இன்றுவரை நமது நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றிவருகின்றன. மற்றப் பங்காளிகளின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களும் அறியும்படி வெளியேற்றிய செயலொன்று இருந்தால்தான் பத்து வருடக் கணக்கு ஆரம்பமாகும். வீட்டில் இருந்தது, சோலைவரி கட்டியது, கூரை திருத்தியது ஆகியவை மட்டும் பொதுவாகப் போதாது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ‘வீடு எனக்கே’ என்று அவர் இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதை ஒரு மறுப்பாக எடுத்துக்கொண்டால் கணக்கு இன்றைக்கு ஆரம்பமாகலாம் என்பதனால், சும்மா இருப்பது உங்களுக்குப் பாதகமானது. உங்கள் சட்டத்தரணி மூலம், மூவரின் பங்கையும் குறிப்பிட்டு ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தங்கை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதனால் 2003இல் வாரிசாகக் கிடைத்த பங்கை இழந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துவது வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதையே. ஆகவே அண்ணரோ நீங்களோ உங்கள் பங்கைத் தங்கைக்கு எழுத நினைத்தால், அவர் இரட்டைக் குடியுரிமை பெற்றவரா என்பதை முதலில் பாருங்கள். பெற்றிருந்தால் அந்தத் தடை அவரைப் பாதிக்காது. அவருக்காக இங்கே ஒருவர் கைச்சாத்திடுவதானால், முறையாக உறுதிப்படுத்திப் பதிவுசெய்த அற்றோணித் தத்துவம் தேவைப்படும்.

வழக்கு என்றால் அது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் பேசப்படும் பாகப்பிரிவினை வழக்கு. புதுக்கடையில் காணி வழக்குகளையே தொடர்ந்து பேசிவருபவரிடம் செல்லுங்கள். குற்றவியல் வழக்கில் பெயர் பெற்றவர் என்பதற்காக ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டாம். வழக்கு ஆவணங்களைத் தாக்கல் செய்யும் பதிவுசெய்த சட்டத்தரணி யார், தவணை நாளில் மன்றில் எழுந்து பேசுபவர் யார், இருவருக்கும் தனித்தனியாகக் கட்டணமா என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு காணிப் பதிவகத்தில் பதிவாகும், நில அளவையாளர் அளந்து படம் வரைவார், உரித்து விசாரணை நடக்கும், இடைத்தீர்ப்புக்குப் பின்னரே இறுதித் தீர்ப்பு வரும். இவையெல்லாம் முடிய வருடங்கள் செல்லும். காணி பிரிக்க முடியாத அளவு சிறியதென்றால் அதை விற்றுப் பணத்தைப் பங்கிடுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். அப்போது முதலில் பங்காளிகளுக்கிடையிலேயே விற்பனை நடக்கும்.

இந்தக் காரணங்களால், அண்ணருக்கு உங்கள் இருவரின் பங்கையும் மதிப்பீட்டு விலையில் வாங்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள் என்பதே என் விருப்பம். அவர் இணங்கினால் ஓர் உறுதியோடு முடியும். மூத்தவருடன் நீதிமன்றத்தில் எதிர் எதிராக நிற்பது எவ்வளவு வேதனையானது என்பதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் தெகிவளையில் வாங்கவிருக்கும் காணி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவின் பெயரில் இருக்கிறது. கணவரும் கைச்சாத்திட வேண்டும் என்று என் சட்டத்தரணி சொல்கிறார். காணி கொழும்புப் பக்கம்தானே?
– வாசகர், கொழும்பு 4

பதில்: உங்கள் சட்டத்தரணி சொல்வது சரி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் அசையா ஆதனத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தோடுதான் விற்கலாம் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. அந்தச் சட்டம் ஆளைத் தொடர்ந்து வருவது என்பதனால், காணி தெகிவளையில் இருப்பது மட்டும் விடையாகாது. ஒரு பெண்ணின் சொத்துக்கு இத்தகைய கட்டுப்பாடு இன்றும் இருப்பது நியாயமல்ல என்பதே என் கருத்து. ஆனால் வாங்குபவர் சட்டம் உள்ளபடியே நடக்க வேண்டும். கணவரை உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறுதி எழுதி எட்டு மாதமாகிறது. நொத்தாரிசு ‘பதிவில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறார். மூல உறுதி கைக்கு வரவில்லை. – வாசகி, கொழும்பு 13

பதில்: இன்னொரு நாளும் காத்திருக்க வேண்டாம். நொத்தாரிசு ஒரு மாதத்தில் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுடன் பதிவகத்துக்கு நேரில் சென்று, பிரதி வந்திருக்கிறதா, மூல உறுதி பதிவுக்கு ஒப்படைக்கப்பட்டதா என்று பாருங்கள். பிரதி வந்திருப்பதும் உறுதி பதிவாகியிருப்பதும் ஒன்றல்ல. விற்றவர் அதே ஆதனத்தை இன்னொருவருக்குப் பணத்துக்கு விற்று, அந்த உறுதி முதலில் பதிவாகிவிட்டால், அதில் மோசடியோ கூட்டுச் சதியோ இருந்ததென்று நிரூபித்தாலன்றி, முந்திய திகதியிட்ட உங்கள் உறுதி அதன்முன் செல்லாது. பதிவாகவில்லை என்று தெரிந்தால், அன்றைக்கே நொத்தாரிசுக்கு எழுத்தில் அறிவித்து, பதிவாளர் நாயகத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். சட்டத்தரணி என்ற முறையில் அவருடைய நடத்தையைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கும் சத்தியக்கடதாசியுடன் முறையிடலாம். பணம் கொடுத்த ரசீதுகளையும் அவருடன் பரிமாறிய குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.