'எங்காவது' என்றால் எங்கே?

கேள்வி: வயது 36. பள்ளி ஆசிரியை. மகனுக்கு 8 வயது, மகளுக்கு 3. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மாமியார் எங்களுடன் இருக்கிறார். ஆறு மாதமாக முடி கொட்டுகிறது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கிறது, காலையில் இடது கை மரத்திருக்கிறது, ஞாபக மறதி வேறு. மருந்துக்கடையில் கேட்டு இரண்டு மாதமாக இரவில் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை போடுகிறேன். இணையத்தில் தேடினால் இதய நோய், 'அட்ரீனல் சோர்வு' என்றெல்லாம் வருகிறது. என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்? பள்ளியில் நன்றாகத்தான் இருக்கிறேன். வீடு திரும்பினால் மாடிப்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிடுகிறேன். மேலே பிள்ளைகளின் குரல் கேட்டால் கால் எழுவதில்லை. போன வாரம் மகனைக் கரண்டிக்காம்பால் அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா என்றிருக்கிறது. நானெல்லாம் ஒரு தாயா?
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: கடைசி நான்கு வரிகளை எழுதத்தான் பேனாவை எடுத்திருக்கிறீர்கள். நேராக எழுதக் கூச்சமாக இருந்ததால் முடியையும் கையையும் முன்னால் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஹீமோகுளோபின், தைராய்டு, ஒரு ஈ.சி.ஜி. இவை போதும். 'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். இரவெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துத்தான் போகும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தினால், கை வலுவிழந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 36 வயதில் சாவியைத் தேடுவது மறதி நோய் அல்ல. அரைத் தூக்கத்தில் ஓடும் மூளைக்கும் தூக்க மாத்திரைக்கும் அதில் பங்குண்டு. 'அட்ரீனல் சோர்வு' என்றொரு நோய் மருத்துவத்தில் கிடையாது. அதைக் குணப்படுத்தும் மாத்திரைப் புட்டிகள் மட்டும் ஏராளமாக விற்பனையில் இருக்கின்றன.

இனி மாடிப்படிக்கு வருவோம்.

வேலைக் களத்தில் வரும் 'பர்ன் அவுட்', அதாவது உழைத்து உழைத்து அடியோடு தேய்ந்துபோகும் சோர்வு பற்றிப் படித்திருப்பீர்கள். பிள்ளை வளர்ப்பிலும் அது உண்டு. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாஜ்சாக் இருவரும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். பிள்ளைகளை நினைத்தாலே உடல் துவண்டுபோவது, 'முன்பு நான் இப்படி இல்லையே' என்ற உறுத்தல், தாய் என்ற பொறுப்பின் மீதே வரும் சலிப்பு, பிள்ளைகளிடமிருந்து மனம் விலகிப்போவது என்று நான்கு அடையாளங்களைச் சொல்கிறார்கள். நான்காவதைத்தான் கவனிக்க வேண்டும். சோறு போடுவீர்கள், சீருடை தேய்ப்பீர்கள், வீட்டுப்பாடம் பார்ப்பீர்கள். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் உள்ளே ஒன்றும் அசையாது. அந்த வெறுமையைத்தான் 'நான் கெட்ட தாய்' என்று நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டீர்கள். என்னிடம் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் அக்கறையில்லாத பெற்றோர் அல்லர். அளவுக்கு மீறி அக்கறைப்பட்டு, எதையும் விட்டுக்கொடுக்காமல் தேய்ந்துபோனவர்கள்.

இது மனச்சோர்வு நோய்தானோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதற்கு விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பள்ளியில் நன்றாக இருக்கிறீர்கள். மனச்சோர்வு நோய் வீடு, பள்ளி என்று இடம் பார்ப்பதில்லை. எங்கே போனாலும் கூடவே வரும். வகுப்பறையிலும் சிரிப்பு வற்றினால், பசி போனால், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டால், அது வேறு சிகிச்சை. மருந்தும் தேவைப்படலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு சொல். 'எங்காவது'. என் எதிரில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பேன்: எங்காவது என்றால் எங்கே? அம்மா வீட்டில் இரண்டு நாள் படுத்துத் தூங்க வேண்டும் என்றால் அது களைப்பு. யாரிடமும் சொல்லாமல் எந்தப் பஸ்ஸில் ஏறலாம், பிள்ளைகளை யாரிடம் விடலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்றால் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'இல்லாமலே போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்பதுதான் அதன் பொருள் என்றால் இந்தப் பதிலை இத்துடன் மூடிவிட்டு 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருக்கும் மாத்திரைகளை இன்றைக்கே மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள். இந்த நிலைக்கு வந்த பெற்றோருக்கு ஓடிப்போகும் எண்ணமும் தற்கொலை எண்ணமும் வருவது ஆய்வுகளில் பதிவான செய்தி. சாதாரண அலுப்பு என்று யாராவது தட்டிக்கழித்தால் கேட்காதீர்கள்.

கரண்டிக்காம்பு விஷயத்தை மழுப்ப மாட்டேன். அடித்தது தவறு. மகனிடம் 'அம்மா அடித்தது தப்பு, உன் மேல் குற்றமில்லை' என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். 'நீ சேட்டை செய்ததால்தான்' என்று வால் சேர்க்க வேண்டாம். இனிக் கை ஓங்குகிறது என்று தெரிந்தால் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

சிகிச்சை என்றதும் மாத்திரை என்று நினைக்காதீர்கள். இதற்கு முதல் மருந்து பேச்சுதான். அதே லூவேன் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சோர்ந்த பெற்றோரைச் சிறு குழுக்களாக எட்டு வாரம் சந்திக்க வைத்தார்கள். சில குழுக்களில் பயிற்சிகள் கொடுத்தார்கள், சிலவற்றில் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டிலுமே சோர்வும் குறைந்தது, பிள்ளைகளிடம் காட்டிய வன்முறையும் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் முடியைத்தான் வெட்டியெடுத்து அதில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சிகிச்சைக்குப் பின் அதுவும் இறங்கியிருந்தது. நீங்கள் முடிக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்!

அறைக்குள் என்ன நடக்கும்? முதல் நாள் உளவியலாளர் உங்கள் ஒரு நாளை மணிக்கணக்காகச் சொல்லச் சொல்வார். பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி: சுமையைக் கூட்டுவது எது, தாங்கிப் பிடிப்பது எது. என்னிடம் வந்த ஒரு தாயின் இடது பத்தி பக்கம் தாண்டியது. வலது பத்தியில் 'ஞாயிறு காலை காபி' என்ற ஒரு வரிதான் இருந்தது. அந்த வாரம் அவர் விட்டது ஒன்றே ஒன்று: இரவு பதினொரு மணிக்கு மகனுக்காகத் தெர்மாகோலில் செய்துகொண்டிருந்த எரிமலை. மகன் கோணல்மாணலாகத் தானே செய்து எடுத்துப்போனான். பள்ளியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து, பிள்ளையோடு தினம் பத்து நிமிடம், கைபேசி இல்லாமல், எதையும் கற்றுக்கொடுக்காமல். ஆசிரியையான உங்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் சிரமமாக இருக்கும். விலகிய மனம் ஒரே நாளில் திரும்பாது. இரண்டாம் வாரமே 'பலனில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு; அப்படிச் செய்யாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், திருச்சியிலேயே இருக்கிறது. தனியாரிடம் போவதானால் முறையாகப் படித்த மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வார இறுதிப் பயிற்சி முடித்த 'வாழ்வியல் ஆலோசகர்' போதாது.

'நாங்கள் ஐந்து பெற்று வளர்க்கவில்லையா' என்று மாமியார் சொல்லக்கூடும். வளர்த்தார்கள், சித்தியும் அத்தையும் எதிர் வீட்டுக்காரரும் சேர்ந்து வளர்த்தார்கள். 42 நாடுகளில் எடுத்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், அவரவர் பாடு அவரவருக்கு என்றிருக்கும் மேலைநாடுகளில்தான் இந்தச் சோர்வு அதிகம். கணவரிடம் 'களைப்பாக இருக்கிறது' என்றால் 'தூங்கு' என்பார். 'மகனை அடித்துவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது, உங்கள் உதவி வேண்டும்' என்று சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் மகனின் வீட்டுப்பாடத்தை மஸ்கட்டிலிருந்தும் பார்க்கலாம்.

அல்பிரசோலத்தைச் சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கோபத்தில் நீங்கள் இன்றே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் போட்டதைத் திடீரென்று விட்டால் தூக்கம் அடியோடு போகும், வலிப்புகூட வரலாம். அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

மாடிப்படியில் உட்காரும் அந்த இருபது நிமிடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஒளிந்து உட்காராமல், 'ஐந்தரைக்குத்தான் வருவேன்' என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.