கடலோர எரிவாயு வளாகத்துக்கு நிலம் குறிப்பது: கேள்வி பதில்

தொழிற்பகுதிகளுக்கு நிலம் ஒதுக்கும் திட்டமிடல் என் துறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் பிரைஸ் முனையில் வரவிருந்து வராமலே போன எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) வளாகத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

சிட்னி வாசகர்: அங்கே என்னதான் நடந்தது அக்கா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ப்ரூம் நகருக்கு வடக்கே 400 கி.மீ.க்கும் அப்பால், கடலுக்கு அடியில், டொரோசா, பிரெக்நாக், காலியன்ஸ் என்று மூன்று எரிவாயு வயல்கள் இருக்கின்றன. வுட்சைடு நிறுவனம் தலைமையில் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து அதை எடுக்க நினைத்தன. அதே கடற்பகுதியில் மற்றவர்களுக்கும் வயல்கள் இருந்தன. ஜப்பானின் இன்பெக்ஸ் நிறுவனம், ப்ரூமும் சேர்ந்த வட பகுதியான கிம்பர்லியின் மாரெட் தீவுகளில் ஆலை கட்டப் பார்த்தது. ஆளாளுக்கு ஒரு தீவு, ஒரு முனை என்று கேட்டால் கடற்கரை என்ன ஆகும்? அதனால் எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே துறைமுகம் என்று முடிவெடுத்து மாநில அரசு 2007இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களை அலசி, 2008 டிசம்பரில் ப்ரூமுக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள ஜேம்ஸ் பிரைஸ் முனையை அரசு அறிவித்தது. அங்குள்ள பழங்குடி மக்களுக்கு அந்த இடம் வால்மடன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அறிவிப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பே இன்பெக்ஸ் கிம்பர்லியை விட்டு, சுமார் 890 கி.மீ. குழாய் போட்டு டார்வினுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்துவிட்டது. பலருக்காக யோசித்த வளாகத்தில் உறுதியான வாடிக்கையாளர் ஒருவர்தான் மிஞ்சினார்.

2010 செப்டம்பரில் மாநில முதல்வர் காலின் பார்னெட் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கினார். 2011இல் பழங்குடி உரிமை கோரியவர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த டிசம்பரிலேயே, எந்த நிலம் வேண்டும் என்று சரியாக விவரிக்கவில்லை என்று சொல்லி, கையகப்படுத்தும் அறிவிப்புகள் செல்லாது என மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 ஏப்ரலில் வுட்சைடு, செலவு கட்டுப்படியாகாது என்று அந்த இடத்தைக் கைவிட்டது. ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அனுமதியும் செல்லாது என்று இன்னொரு தீர்ப்பு. மதிப்பீட்டின் முந்தைய கட்டங்களில் நலன் முரண் உள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு வாரிய உறுப்பினர்கள் கலந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விலகிய பிறகு வாரியத் தலைவர் ஒருவரே கடைசி முடிவை எடுத்தார்.

ஒரே இடத்தில் வளாகம் என்பது நல்ல யோசனை. கெட்டது வரிசை. முதலில் எல்லைக் கோடு, பிறகு ஆய்வு, அதற்கும் பிறகு சம்மதம் என்று போனார்கள். எல்லைக் கோட்டை முதலில் போடாதீர்கள். இதை இந்தப் பதில்களில் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் மாணவர்: ஆலை சில நூறு ஏக்கருக்குள் அடங்கிவிடும்போது வளாகத்துக்கு ஏன் ஆயிரக்கணக்கில் நிலம்?

நல்ல கேள்வி தம்பி. கடலிலிருந்து வரும் குழாயில் எரிவாயுவோடு தண்ணீர், எண்ணெய்ப் பதமான திரவம், கரியமில வாயு, கொஞ்சம் பாதரசம்கூட வரும். இதையெல்லாம் பிரித்து, உலர்த்தி, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் அது 600இல் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும். தொட்டியில் சேர்த்துக் கப்பலில் ஏற்றலாம். இதற்கான இயந்திரங்களுக்கு நீங்கள் சொல்வதுபோல அதிக நிலம் வேண்டாம்.

மற்ற நிலம் எதற்கு என்றால், அவசரத்தில் வாயுவை எரித்துவிடும் உயரக் கோபுரத்தின் வெப்பம் தரையை எட்டாமலிருக்க ஒரு வட்டம். கட்டுமானக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கும் முகாம். இராட்சதப் பாகங்களை இறக்கும் துறை. பின்னால் வரும் ஆலைகளுக்கு ஒதுக்கீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு இடைவெளி. மேற்கு ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் அளவுகோல் இது: வீடுகள் இருக்கும் இடத்தில் ஆலை விபத்தால் ஒருவர் சாகும் வாய்ப்பு ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. ஆலை எல்லையிலேயே பத்து லட்சத்தில் ஐம்பது வரை அனுமதி உண்டு. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பதுதான் இடைவெளி நிலம்.

அந்த நிலத்தை ஆலை வரும்போதே வளாகத்தோடு சேர்த்துவிட வேண்டும். வெறுமனே வரைபடத்தில் பச்சை நிறம் அடித்து விட்டால், இருபது வருடத்தில் யாராவது மனை போட்டு விற்றிருப்பார்கள். அப்புறம் ஆலையையும் நகர்த்த முடியாது, குடியிருப்பவர்களையும் நகர்த்த முடியாது.

எண்ணூர் வாசகர்: எங்கள் காமராஜர் துறைமுகத்திலும் எல்.என்.ஜி. முனையம் இருக்கிறது. அதுவும் இதே மாதிரிதானா?

இல்லை. எண்ணூரில் நடப்பது இறக்குமதி. கப்பலில் வரும் திரவத்தைச் சூடாக்கி மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். வாயுவைச் சுத்தம் செய்து திரவமாக்கும் ஆலை அங்கே இல்லை. அதனால் நிலத் தேவையும் உமிழ்வும் மிகவும் குறைவு. ஆனால் ஏற்கெனவே அனல் மின் நிலையங்கள் நிறைந்த கழிமுகத்தில் இன்னொன்று வந்தால் மொத்தச் சுமை என்ன என்பது தனிக் கேள்வி. அதை அந்த இடத்து ஆவணங்களை வைத்துத்தான் பேச வேண்டும்.

கோவை வாசகர்: வெடித்தால் எத்தனை கி.மீ. பாதிக்கும்?

கி.மீ. என்று ஒரு எண் கிடையாது. எந்தத் தொட்டி, எவ்வளவு கசிவு, எந்தப் பக்கம் காற்று என்பதைப் பொறுத்தது. மேலே மாணவருக்குச் சொன்ன கோடுகளைப் பாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: அவ்வளவு நீளமான கடற்கரையில் ஏன் அந்த முனையை எடுத்தார்கள்? இயற்கைத் துறைமுகமா?

இல்லை, அதுதான் சிக்கலே. கடலோரத் திட்டத்தில் எல்லோரும் நிலத்தின் வரைபடத்தையே பார்க்கிறார்கள். தண்ணீரின் வரைபடத்தை முதலில் விரியுங்கள். எல்.என்.ஜி. கப்பல் நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 12 மீட்டர் அமிழும். ப்ரூம் பக்கம் பெரிய ஓதத்தில் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். திறந்த கரை, புயல் வரும் பகுதி வேறு. ஆகவே கால்வாய் தோண்ட வேண்டும், அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டும். தோண்டிய மண்ணைக் கடலில் எங்கே கொட்டுவது என்ற கேள்வி கூடவே வரும். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு போய் வரும் கடல் அது.

இனி கரைக்கு வருவோம். செம்மண் மேடு, அதற்குக் கீழே வெளிர் நிற மணற்பாறை. ஓதம் நன்றாக வற்றும்போது மட்டும் அந்தப் பாறையின் தட்டையான பரப்பு வெளியே தெரியும். அதில் டைனோசர் காலடிகள். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். சுமார் 13 கோடி ஆண்டுப் பழமை. சில மூன்று விரல் தடங்கள், சில 1.7 மீட்டர் நீளமுள்ள பெரிய குழிகள். அந்த மூன்று விரல் தடங்கள் மராலா என்ற ஈமு மனிதன் நடந்து போனவை என்று அந்தக் கரையில் வாழும் கூலராபுலு பழங்குடி மக்களின் பாட்டு வழி, அதாவது முன்னோர் போன பாதையைச் சொல்லும் பாடல் மரபு, சொல்கிறது. முனையை அரசு குறிவைத்ததும் அவர்கள்தான் தொல்லுயிர் ஆய்வாளர்களை அழைத்தார்கள். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு அங்கே 21 வகைத் தடங்களைப் பதிவு செய்து 2017இல் வெளியிட்டது. இடம் அறிவித்தது 2008இல். இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லைக் கோட்டை முதலில் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மதுரை வாசகர்: உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைத்திருக்குமே?

கட்டுமானத்தின்போது கிடைக்கும். ஆலை ஓடத் தொடங்கியபின் சில நூறு பேர் போதும். நான் அதிகம் கவலைப்படுவது வீட்டு வாடகையைப் பற்றி. தெற்கே போர்ட் ஹெட்லாந்தில் சுரங்க உச்சத்தில் ஒரு வீட்டுக்கு வார வாடகை 2000 டாலரைத் தாண்டியது. சம்பளம் உயராத ஆசிரியரும் கடைக்காரரும் எங்கே இருப்பார்கள்? முத்தையும் சுற்றுலாவையும் நம்பியிருக்கும் ப்ரூமில் இதே கேள்வியைப் பலர் கேட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பும் நிலத் திட்டத்தின் பகுதிதான். அதை ஆலைத் திட்டத்தோடு ஒரே நாளில் கையெழுத்திட வேண்டும்.

திருச்சி வாசகர்: வெடித்தால் எவ்வளவு தூரம் வரும் மேடம்?

கோவை வாசகருக்குச் சொன்னதேதான்.

பெர்த் வாசகர், சுரங்கத் துறை: ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள். பழங்குடி மக்களே ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். ஏறத்தாழ 60 சதவீதம் ஆதரவு. முப்பது ஆண்டுகளில் 150 கோடி டாலர் மதிப்புள்ள பலன்கள். நகரத்துச் சூழலியல்வாதிகள் வந்து அதைக் கெடுத்தார்கள். அந்த மக்களுக்கு வீடு, பள்ளி, வேலை வேண்டாமா?

வேண்டும். அந்த மக்கள் பணத்துக்காக நிலத்தை விற்றார்கள் என்று யாராவது சொன்னால் நானே எதிர்த்துப் பேசுவேன். பழங்குடி மக்களின் அமைப்பான கிம்பர்லி நில மன்றம் அந்தப் பேச்சுவார்த்தையில் கல்வி, வீடு, சுற்றுச்சூழல் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் போராடி இடம் வாங்கியது. மதிக்க வேண்டிய உழைப்பு அது.

ஆனால் 2011 மே மாதம் அந்த ஓட்டு எந்தச் சூழ்நிலையில் நடந்தது? கட்டாயக் கையகப்படுத்தல் எட்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தது. ஒப்புக்கொண்டால் பலன்கள் உண்டு. மறுத்தால் நிலம் எப்படியும் போகும், கையில் என்ன மிஞ்சும் என்று தெரியாது. மறுக்கும் வழி அடைபட்டிருக்கும்போது கிடைக்கும் 60 சதவீதத்தை நான் முழுச் சம்மதம் என்று எழுத மாட்டேன்.

பெர்த் வாசகர்: அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்த நிலப் பேச்சுவார்த்தையும் சம்மதம் ஆகாது. அரசிடம் எப்போதும் அந்த அதிகாரம் உண்டு.

அதிகாரம் இருப்பது வேறு, பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து மேசைமேல் வைப்பது வேறு. நம் ஊரில் தாசில்தார் நோட்டீஸ் ஒட்டியபின் விலை பேச வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 2009இலேயே ஒரு முதற்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அந்தப் பாதையிலேயே பொறுமையாகப் போயிருக்கலாம். அவசரப்பட்டுக் கொடுத்த நோட்டீஸே கடைசியில் நீதிமன்றத்தில் விழுந்தது. அவசரத்தால் அரசுக்கும் லாபமில்லை.

மெல்போர்ன் வாசகர்: ஆக, எதிர்த்த கூலராபுலு தரப்புதான் உண்மையான உரிமையாளர்கள், சரிதானே?

இதுவும் அவ்வளவு நேரானதல்ல. 2017இல் மத்திய நீதிமன்றம் அந்தப் பகுதியின் பூர்வீக உரிமையை ஜபிர் ஜபிர், நும்பார்ல் மக்களுக்கு அங்கீகரித்தது. கூலராபுலு தரப்பின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கடற்கரையின் பாட்டு வழியைக் காத்துவந்ததும், 1987இல் அவர்களின் மூத்தவர் பேடி ரோ தொடங்கிவைத்த லுருஜாரி நடைப்பாதையில் வெளியாட்களைக் கூட்டிப்போய் அந்த நிலத்தைக் காட்டியதும் அவர்கள். சட்டப்படி உரிமை ஒரு பக்கம், நிலத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் உறவினர்கள், ஒரே ஊரில் வாழ்பவர்கள். ஒப்பந்தம், ஓட்டு, வழக்கு என்று பல ஆண்டுகள் அவர்களுக்குள் ஏற்பட்ட விரிசல்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது. ஆலை வரவில்லை, அந்த விரிசல் வந்தது.

பெர்த் வாசகர்: கடைசியாக ஒன்று. ஒப்பந்தப் பணமும் வரவில்லை. அதற்கு யார் பொறுப்பு?

இந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பலன்களில் பெரும்பகுதி ஆலை எழுவதைச் சார்ந்திருந்தது. ஒரு சமூகத்தின் பள்ளியும் வீடும் தொலைவில் இருக்கும் நிறுவனத்தின் முதலீட்டு முடிவைச் சார்ந்திருப்பது தவறு. அவை ஆலை வந்தாலும் வராவிட்டாலும் அரசு செய்ய வேண்டியவை. இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்டினால் மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகும்.

பிரிஸ்பேன் வாசகர்: எங்கள் மாநிலத்தில் கர்ட்டிஸ் தீவில் மூன்று ஆலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவே. அது வெற்றிகரமான வளாகமா?

இடத்தைச் சேர்த்தார்கள், வசதிகளைச் சேர்க்கவில்லை. கிளாட்ஸ்டோன் எதிரே அந்தத் தீவில் மூன்று கூட்டமைப்புகள் தலா இரண்டு திரவமாக்கும் அலகுகள் கட்டின. ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு கப்பல் மேடை. எல்லோரும் ஒரே காலத்தில் ஆளும் இரும்பும் தேடியதால் செலவு ஏறியது. பொதுத் துறைமுகம், பொதுக் குழாய்ப் பாதை ஆகியவற்றை நிலம் கொடுப்பதற்கு முன்பே நிபந்தனையாக எழுத வேண்டும். கொடுத்தபின் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

சேலம் வாசகர்: இது வெடிக்குமா, பாதுகாப்பானதா?

மூன்றாவது முறை இதே கேள்வி. தயவுசெய்து மேலே படியுங்கள்.

சென்னை வாசகர்: வுட்சைடு பங்கு வாங்கலாமா?

என் துறை இல்லை.

சிங்கப்பூர் வாசகர்: அந்த எரிவாயு இப்போது எங்கே?

இன்னும் கடலுக்கு அடியில்தான். கரையைக் கைவிட்டபின் மிதக்கும் ஆலை யோசனை வந்தது, 2016இல் அதையும் நிறுத்தினார்கள். அப்புறம் சுமார் 900 கி.மீ. குழாய் போட்டு அதே மாநிலத்தின் கராத்தாவில் ஏற்கெனவே இருக்கும் ஆலைக்குக் கொண்டுபோகும் திட்டம். புதிய கரையைத் தொடாமல் பழைய ஆலையைப் பயன்படுத்துவது நிலத் திட்டமிடலில் நல்லதாகத் தெரியும். ஆனால் அந்த ஆலை நிற்பது முருஜுகா என்ற பகுதியில், பழங்குடி மக்களின் பாறைச் செதுக்கல்களுக்கு நடுவில். 2025இல் அந்த நிலப்பரப்பு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆலைப் புகை அந்தப் பாறைகளை என்ன செய்கிறது என்ற சண்டை அங்கே தனியாக நடக்கிறது.

நாகப்பட்டினம் வாசகர்: எங்கள் ஊர்க் கரைக்கு இப்படி ஒரு வரைபடம் வந்தால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

மூன்று தாள்கள் கேளுங்கள். எடுக்கும் நிலத்தின் துல்லியமான எல்லை, புல எண்களோடு. பாதுகாப்பு இடைவெளிக் கோடு எந்தத் தெருவைத் தொடுகிறது என்பது. தோண்டும் கடல் மண்ணைக் கொட்டும் இடம். முதல் இரண்டையும் சண்டை போட்டால் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. மீனவர்கள் எந்த மாதத்தில் எந்த மீன்பிடி இடத்தில் வலை விடுகிறார்கள் என்பதை அந்தத் தாளின் மேல் அவர்களையே குறிக்கச் சொல்லி, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். கூட்டத் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.