மெய்யியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவி: உயர்தரத்தில் தமிழ், இந்து நாகரிகம், அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஆகிய பாடங்களில் சித்தியடைந்து கலைப்பீடத்துக்குத் தெரிவாகியுள்ளேன். மூன்றிலும், சரியாக வாதிடும் முறையை ஆராயும் அளவையியலே எனக்கு மிகவும் பிடித்தது. பல்கலைக்கழகத்தில் மெய்யியலை, அதாவது தத்துவத்தை, சிறப்புப் பாடமாகத் தொடர எண்ணுகிறேன். பாடசாலையில் படித்ததற்கும் அங்கே படிக்கப்போவதற்கும் என்ன வேறுபாடு?

அன்புள்ள மகளுக்கு,

பாடசாலையில் விடை கிடைத்ததும் கேள்வி முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்திலோ, அந்த விடை எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டியிருக்கும். நீங்கள் ஏற்கெனவே படித்த ஒன்றைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

மெய்யியலாளர் கார்ல் பொப்பரின் பொய்ப்பித்தல் கொள்கையை அறிவீர்கள். ஒரு கருதுகோள் விஞ்ஞானத்துக்கு உரியதாக வேண்டுமாயின், அது பிழையென்று காட்டப்படக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று எழுதிப் புள்ளிகளும் பெற்றிருப்பீர்கள். இக்கொள்கையை முன்வைத்த நூலைப் பொப்பர் 1934இல் வெளியிட்டார். அவரை அலைக்கழித்த கேள்வியோ 1739இல் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுப்பியது. உப்புவெளிக் கடற்கரையில் வலை இழுக்கும் ஒருவரிடம் கேட்டால், வாடைக்காற்று எழுந்ததும் கடல் கொந்தளிக்கும், தை கடந்தால் மெல்ல அடங்கும் என்பார். தாமும் தம் தந்தையும் வாழ்நாள் முழுவதும் கண்டதைக் கொண்டு அவர் வரப்போகும் ஆண்டைப் பற்றிப் பேசுகிறார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஹியூம் கேட்கிறார். இயற்கை ஒரே சீராக இயங்குகிறது என்று நாம் சொன்னால், அந்தச் சீர்மையை எவ்வாறு அறிந்தோம் என்ற கேள்வி வரும். இதுவரை அப்படித்தான் இருந்தது என்று அதற்குப் பதில் சொன்னால், நிறுவ வேண்டியதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டவர்களாவோம். அந்த மீனவரின் அறிவு பயனற்றது என்று ஹியூம் சொல்லவில்லை. அது தருக்கத்திலிருந்து வரவில்லை, பழக்கத்திலிருந்து வருகிறது என்றே சொன்னார். கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றைப் பற்றி முடிவுசெய்யும் தொகுத்தறி அனுமானத்தை நியாயப்படுத்த இயலாது என்பதில் ஹியூமுடன் உடன்பட்ட பொப்பர், விஞ்ஞானம் அதில் தங்கியிருக்கத் தேவையில்லை என்று காட்ட முயன்றார். நீங்கள் மனனம் செய்த வரைவிலக்கணம் அந்த முயற்சியின் விளைவு. அவர் அதில் வெற்றி பெற்றாரா என்பதை விரிவுரை மண்டபத்தில் நீங்களே வாதிட வேண்டும்.

அனுமானத்தை நம்பலாமா என்ற வழக்கு தமிழிலும் நடந்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பலரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். முதலில் பேசும் அளவைவாதி, அறிவு பெறும் வழிகளை ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்கிறான்; இறுதியில் வரும் பூதவாதி, கண்முன் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை அவனைக் கேட்கிறாள். 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் அவளுக்குப் போதிப்பதில் பெரும்பகுதி ஏது (காரணம்), எடுத்துக்காட்டு, அவற்றில் நேரும் போலிகள் என்று அளவையியலாகவே இருக்கிறது. தமிழ் படிப்பவர்கள் இந்தக் காதைகளைக் கடினமென்று தாண்டிச் செல்வது எனக்கு நெடுநாளைய வருத்தம். தமிழும் அளவையியலும் சேர்ந்து படித்த உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அவை முழுமையாகத் திறக்கும்.

ஆகவே, தயங்காமல் எடுங்கள் என்பதே என் பதில். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தனியார் வகுப்புக் குறிப்புகளை மனனம் செய்து உயர்தரத்தில் சித்தியடைந்த பழக்கத்துடன் இத்துறைக்குள் நுழைபவர்கள், நான்கு ஆண்டுகளின் முடிவில் பெயர்களையும் கொள்கைகளையும் ஒப்புவிக்கக் கூடியவர்களாக மட்டுமே வெளியேறுகின்றனர். பட்டம் கிடைக்கும், மெய்யியல் கிடைக்காது. ஒரே பக்கத்தை மூன்று முறை வாசிக்கும் பொறுமையை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மூல நூல்களில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்திலேயே தேட வேண்டியிருப்பதால், பல்கலைக்கழகம் தொடங்கும்வரை காத்திருக்கும் மாதங்களை அம்மொழிக்குச் செலவிடுங்கள். கலைச்சொற்களைப் பதிந்துகொள்ள ஒரு கொப்பி வைத்திருப்பதும் நல்லது. நம்மவர்கள் பௌதீகவதீதம் (metaphysics) என்று எழுதுவதைத் தமிழ்நாட்டு நூல்களில் வேறு பெயர்களில் காண்பீர்கள்.

மூதூரிலிருந்து ஒரு தந்தை: என் மகன் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ மெய்யியல் படிக்க வேண்டுமென்று நிற்கிறான். படித்து முடித்தபின் தொழில் கிடைக்குமா?

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. மெய்யியல் பட்டதாரி நேரடியாகச் செல்லக்கூடிய தொழில், உயர்தர வகுப்புகளில் அளவையியல் கற்பிப்பது. மற்றவை போட்டிப் பரீட்சைகள் வழியாக வருபவை. இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எத்துறைப் பட்டதாரியும் தோற்றலாம். நீண்டதொரு பந்தியை வாசித்து அதன் சாரத்தைப் பிரித்தெடுக்கவும், ஒரு வாதத்தின் ஓட்டையைக் காணவும் பழகியவருக்கு அங்கே அப்பழக்கம் உதவும். வரலாறும் புவியியலும் படித்தவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவேயாதலால், தொழிலை மட்டும் காரணம் காட்டி அவரை வேறொரு கலைப் பாடத்துக்கு மாற்றுவதில் பயனில்லை. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பட்டப்படிப்புக் காலத்திலேயே கற்றுத் தேறும்படி வற்புறுத்துங்கள். அந்த வற்புறுத்தலுக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: மெய்யியல் படித்தால் மார்க்கப் பற்றுக் குறைந்துவிடும் என்று உறவினர்கள் என் மகளைத் தடுக்கிறார்கள். உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்குக் கேள்விகள் எழாது என்று நான் உறுதி கூற மாட்டேன், அவை எழும். ஆனால் மார்க்கத்தில் ஆழ்ந்தவர்களே இத்துறையையும் ஆழ்ந்து கற்றிருக்கின்றனர். சைவத்தில் அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், கடவுளை மறுக்கும் உலகாயதன் தொடக்கமாகப் பிறர் கொள்கைகளை அவரவர் வாயாலேயே சொல்லவிட்டு, அதன் பின்னரே மறுக்கிறார். 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி, மெய்யியலாளரை மறுத்து ஒரு நூலும், அவர்களின் கொள்கைகளை விளக்கி இன்னொரு நூலும் எழுதினார். ஒரு துறையில் தேர்ந்தவர்களுக்கு நிகராக அதைக் கற்காமல் அதன் குறையைக் காண இயலாது என்று தம் வாழ்வைப் பற்றி எழுதியபோது குறிப்பிட்டார். அவருடைய மறுப்புக்குப் பின்னாளில் இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு ருஷ்த் பதில் எழுதினார். மகள் இருவரையும் வாசிக்கட்டும்.

உறவினர்களிடம் இதையும் சொல்லுங்கள். மார்க்கச் சட்டத்தின் மூலாதாரங்களைப் பற்றித் தாம் எழுதிய அல்முஸ்தஸ்ஃபா என்ற நூலின் முன்னுரையிலேயே கஸ்ஸாலி அளவையியலை வைத்து, அதை அறியாதவரின் அறிவில் நம்பிக்கை வைப்பதற்கில்லை என்கிறார். மார்க்கம் கற்ற ஒருவருடன் அமர்ந்து உங்கள் மகள் அந்த முன்னுரையை வாசிக்க வழிசெய்யுங்கள்.