'ஹாஸ்டல்' படம் வெறும் ரத்தக்களரிதானா, பார்க்கும்படி ஏதாவது இருக்கிறதா?

கல்லூரி மூன்றாம் வருடம். நண்பனின் ஹார்ட் டிஸ்க்கில் 'ஹாஸ்டல்' என்று ஒரு படம். நாங்களே ஹாஸ்டலில் கிடந்தவர்கள், ஏதோ கல்லூரிக் கலாட்டா என்று நினைத்து எட்டுப் பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். கிட்டத்தட்ட பாதிப் படம் வரை அந்த நினைப்பு கலையவே இல்லை. குடி, கும்மாளம், பெண்கள் என்றே போகும். முடியும்போது எங்களில் மூன்று பேர்தான் மிச்சம். அன்று மெஸ்ஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஈலை ராத் எழுதி இயக்கிய 2005-ஆம் வருடப் படம். போஸ்டரில் பிரபல ஹாலிவுட் இயக்குநர் குவென்டின் டரான்டினோ பெயரும் பெரிதாக இருக்கும். ஐரோப்பா சுற்ற வந்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள், கூட ஒரு ஐஸ்லாந்துக்காரன். ஆம்ஸ்டர்டாமில் ஒருவன் இவர்களிடம், "ஸ்லோவாக்கியாவுக்குப் போங்கள், போரினால் அங்கே ஆண்களே இல்லை, பெண்கள்தான்" என்கிறான். உடனே ரயில் ஏறுகிறார்கள். தங்கிய ஹாஸ்டலிலிருந்து (கல்லூரி ஹாஸ்டல் இல்லை, பயணிகள் விடுதி) ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். பணம் கட்டினால் மனிதனைச் சித்திரவதை செய்து கொல்ல ஆள் தரும் ஒரு கூட்டம், பாழடைந்த தொழிற்சாலையில் கடை விரித்திருக்கிறது. (இனிமேல் கதை உடையும்.)

எந்தப் போர்? செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று ஒரு குண்டுகூட வெடிக்காமல் செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என்று இரண்டாகப் பிரிந்தது. சண்டை நடந்தது யூகோஸ்லாவியாவில். இந்தப் பையன்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் தூண்டிலில் மாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் படமும் அந்த ஒரு பொய்யில் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லோவாக்கியாவில் அரசியல்வாதிகள் கொதித்துப் போனார்கள். நியாயமான கோபம். படம் எடுத்ததே பக்கத்து நாடான செக் குடியரசில். படத்தில் வரும் அந்த அழகான பழைய ஊர், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் செஸ்கி க்ரும்லோவ். ஸ்லோவாக்கியா என்றொரு நாடு இருப்பதே தெரியாத அமெரிக்கர்களைத்தான் கிண்டல் செய்தேன் என்பது ராத்தின் பதில். பாதிதான் ஒத்துக்கொள்வேன். கிண்டல் புரிய, பார்ப்பவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் அந்தப் பையன்களோடு சேர்ந்து தானும் ரயில் ஏறிவிடுவான்.

சரி, ரத்தம். அது உண்டு, கண் சம்பந்தப்பட்ட ஒரு காட்சியில் இப்போதும் தலையைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் எனக்குள் தங்கியது அது இல்லை, விலைப்பட்டியல்தான். ரஷ்யனுக்கு 5,000 டாலர், ஐரோப்பியனுக்கு 10,000, அமெரிக்கனுக்கு 25,000. கத்திரிக்காய் மாதிரி நாடு வாரியாக ரேட். அமெரிக்க இளைஞர்களில் ஒருவனான பாக்ஸ்டனை நாற்காலியில் கட்டிப்போட்டதும் அவன் ஜெர்மன் மொழியில் கெஞ்சுகிறான். வந்த வாடிக்கையாளன் ஜெர்மன்காரன். கேட்டதும் ஆடிப்போய், அவன் வாயை அடைக்கச் சொல்கிறான். தன் மொழியில் பேசிவிட்டால் அது சரக்கில்லையே, ஆளாகிவிடுகிறதே!

அப்புறம் உடை மாற்றும் அறை. தப்பி வரும் பாக்ஸ்டனை இன்னொரு வாடிக்கையாளன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு அமெரிக்கன் துள்ளிக் குதித்து அரட்டை அடிக்கிறான்: நீ எப்படிச் செய்தாய், மெதுவாகவா, சட்டென்றா? ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான் என்பேன். அதற்கப்புறம் வருவதெல்லாம் வழக்கமான துரத்தல், பழிவாங்கல். தற்செயல்கள் கொஞ்சம் ஓவர்.

50 லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்து, உலகம் முழுக்க 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர் டேவிட் எடல்ஸ்டீன் 2006-இல் இந்த மாதிரிப் படங்களுக்கு 'டார்ச்சர் போர்ன்' (சித்திரவதை ஆபாசம்) என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. வசைச்சொல்தான். 'ஹாஸ்டல்' அதற்கு முழுக்கத் தகுதியானது என்று சொல்லமாட்டேன், முதல் பாதியில் பெண்களைக் காட்டும் விதத்துக்கு வேண்டுமானால் இன்னும் மோசமான சொல்லே வைக்கலாம்.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் ஆள் என்றால் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 2007-இல் வந்த இரண்டாம் பாகத்தில், சிக்கிய பெண்களைப் பணக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் ஏலம் எடுப்பார்கள். ஒருத்தன் குடும்பத்தோடு இருக்கும்போதே ஏலம் கேட்கிறான். அந்த விலைப்பட்டியல் பிடித்தவர்கள் அந்தக் காட்சி வரை பார்த்தால் போதும்.