தாய்லாந்தில் யானை, புலி பார்க்கப் போகிறோம். விலங்குகளை வதைக்காத இடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் டிசம்பரில் குடும்பத்தோடு போகிறார். பிள்ளைகளுக்கு யானையைத் தொட வேண்டுமாம், புலியோடு ஒரு படமும் எடுக்க வேண்டுமாம். இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் போய் ஏமாந்தவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நாங்கள் போனது சியாங் மாய். ஹோட்டல் வரவேற்பறையில் அடுக்கி வைத்திருந்த விளம்பர அட்டைகளில் ஏறக்குறைய எல்லாமே 'யானைகள் சரணாலயம்'தான். சவாரி கிடையாது, சங்கிலி கிடையாது, அங்குசம் கிடையாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அம்பாரி கட்டி ஆள் ஏற்றும் இடங்களுக்குப் போகவில்லை என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. போனதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை கொடுத்தார்கள். வாழைப்பழம் ஊட்டினோம், சேறு பூசினோம், ஓடையில் இறங்கிக் குளிப்பாட்டினோம்.

தண்ணீரில் நிற்கும்போது என் மகள்தான் கவனித்தாள். பாகன் இடது கையை மூடியே வைத்திருந்தார். யானை கரைப்பக்கம் தலையைத் திருப்பும் போதெல்லாம் அந்தக் கை காதுக்குப் பின்னால் போகும், யானை மறுபடி எங்கள் பக்கம் திரும்பும். "அவர் கையில என்னமோ வச்சிருக்கார்ப்பா" என்றாள். விரல் நீளத்தில் ஓர் ஆணி. அங்குசம் கிடையாது என்று அவர்கள் போட்டிருந்தது ஒரு வகையில் உண்மைதான்!

நாங்கள் கிளம்பும்போது அடுத்த வேனில் இருந்து அதே நீலச் சட்டையில் இன்னொரு கூட்டம் இறங்கியது. அதே மூன்று யானைகள் மறுபடி ஓடைக்கு. நான் பொள்ளாச்சிக்காரன், டாப்சிலிப்பில் சின்ன வயதிலிருந்து யானைகளைப் பார்த்து வருகிறேன். குளித்து முடித்த யானை முதலில் செய்வது, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்வது. அதுதான் அதற்குப் பவுடர். இங்கே அதற்குக்கூட நேரம் விடவில்லை.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த விலங்கு 'போதும்' என்று நினைத்தால் நம்மை விட்டு நகர்ந்து போக முடியுமா? சரணாலயம், மீட்பு மையம், இயற்கைப் பூங்கா என்று என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பத்து மணிக்கு ஒரு பேட்ச், பதினொன்றரைக்கு ஒரு பேட்ச் என்று குளியல் நேரம் அச்சடித்திருந்தால் அந்த யானையால் நகர முடியாது. 'கட்டாயம் தொடலாம்' என்று உறுதி கொடுத்தாலும் அப்படித்தான். வருகிறவர்கள் கொஞ்சுவதற்கென்று எப்போதும் ஒரு குட்டி தயாராக இருந்தால் இன்னும் மோசம்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். "யானை தூரத்திலேயே நின்றது, கிட்டேயே விடவில்லை, காசு வேஸ்ட்" என்று யாராவது திட்டியிருந்தால் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. அப்புறம், "யானையைத் தொடலாமா, குளிப்பாட்டலாமா?" என்று மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள். முடியாது, தள்ளி நின்று பார்க்கலாம் என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டிவிடலாம்.

நம் பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது. 2025 ஜனவரியில் தெற்குத் தாய்லாந்தில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்துபோனார்.

இதற்காகப் பாகன்களை வில்லன்களாக நினைத்துவிட வேண்டாம். 1988 கடைசியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1989இல் தாய்லாந்து காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். சிலர் யானையோடு நகரத் தெருக்களில் கையேந்தினார்கள், பலர் சுற்றுலாவுக்கு வந்தார்கள். 2020இல் கொரோனாவால் பயணிகள் நின்றதும், தீனி போட வழியில்லாமல் சியாங் மாய் பகுதி முகாம்களிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சொந்தக் கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தின்னும். ஆகவே எங்கேயும் போக மாட்டேன் என்று புறக்கணித்தாலும் கஷ்டம் அந்த யானைக்குத்தான். தள்ளி நின்று பார்க்கவிடும் இடத்துக்குக் கூடுதல் காசு கொடுத்துப் போவது என் வழி.

"அப்போ நம்ம கோயில் யானை?" என்று மகள் வேனில் கேட்டாள். துதிக்கையில் காசு வைத்து ஆசி வாங்கியவன்தானே நானும். ஜன்னல் வழியாக ஏதோ மலையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

புலி விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், புலியோடு படம் எடுக்க நல்ல இடம் என்று ஒன்று கிடையாது. காஞ்சனபுரியில் 'புலிக் கோயில்' என்று உலகப் புகழோடு ஒரு புத்த மடம் இருந்தது. துறவிகள் புலியை நடத்திப் போவார்கள், நாம் பக்கத்தில் உட்கார்ந்து தடவலாம். 2016இல் அதிகாரிகள் உள்ளே போய் 147 புலிகளை மீட்டபோது, குளிர்பெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்டவற்றிலும் பாதிக்கு மேல் 2019க்குள் இறந்துவிட்டன.

புக்கெட் கடற்கரைப் பக்கம் போனால், இரவில் தேவாங்கையோ கிப்பன் குரங்குக் குட்டியையோ தோளில் வைத்துவிட்டுக் காசு கேட்பார்கள். 2013இல் பாடகி ரியானா அங்கே தேவாங்கோடு எடுத்த செல்ஃபியைப் பார்த்துவிட்டு இரண்டு பேரைக் கைது செய்தார்கள். அந்தத் தேவாங்கு கடித்தால் விஷம், அதனால் பல்லை வெட்டிவிட்டுத்தான் நம் கையில் தருகிறார்கள். கிப்பன் குட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தாயைச் சுட்டு வீழ்த்தித்தான் பிடிக்க முடியும். கடவூர் மலையில் நம் தேவாங்குக்கென்று 2022இல் தனிச் சரணாலயமே அறிவித்திருக்கும்போது, அதன் உறவுக்காரனோடு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினால் நன்றாகவா இருக்கும்?

சரி, பிள்ளைகளுக்கு என்னதான் காட்டுவது? குய் புரி தேசியப் பூங்கா. பாங்காக்குக்குத் தெற்கே இருக்கும் கடற்கரை ஊரான ஹுவா ஹின்னிலிருந்து இன்னும் தெற்கே போக வேண்டும். ஒரு காலத்தில் அங்கே அன்னாசித் தோட்டங்களுக்குள் யானைகள் இறங்க, விவசாயிகள் விஷம் வைக்க, பெரிய சண்டையே நடந்தது. பிறகு காட்டுக்குள் புல்லும் தண்ணீரும் இருக்கும்படி செய்தார்கள். இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களே பிக்கப் வண்டி ஓட்டி, வழிகாட்டியாக வந்து யானை காட்டிச் சம்பாதிக்கிறார்கள். மதியத்துக்கு மேல்தான் கூட்டிப் போவார்கள். எதிரே சரிவில் யானைகள் புல்வெளிக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு இறங்காமலும் போகலாம்.

எங்களுக்கு முதலில் வந்தவை காட்டுமாடுகள். வால்பாறை ரோட்டில் பார்க்காததா என்று மகன் சலித்துக்கொண்டான். ஐந்தரை மணிக்கு மேல் மூங்கில் அசைந்து, ஒரு பெண் யானையும் அதன் பின்னால் இரண்டும் வந்தன. குட்டி கால்களுக்கு நடுவிலேயே நடந்ததால் முதலில் தெரியவில்லை. எங்களை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் மேய்ந்துவிட்டு வந்த வழியே உள்ளே போய்விட்டன.

கடல் பக்கம் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். பி பி தீவுகளில் இருக்கும் மாயா பே கடற்கரையைக் கூட்டம் தாங்காமல் 2018இல் மூடி 2022இல்தான் திறந்தார்கள், இப்போதும் அங்கே நீந்த விடமாட்டார்கள். வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் அடைத்தும் விடுகிறார்கள். நீங்கள் போவது டிசம்பர் என்பதால் பிரச்சினை இல்லை. பவளப்பாறையைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன் போன்றவை கலந்த சன்ஸ்க்ரீனைக் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள், அபராதமும் உண்டு. பெட்டியில் வைக்கும் முன் டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

குய் புரிக்கு மறக்காமல் பைனாகுலர் எடுத்துப் போங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். பக்கத்து வண்டியில் இருந்த ஒரு தாய்லாந்துப் பாட்டி எங்கள் தவிப்பைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றி மகன் கழுத்தில் மாட்டிவிட்டார். யானைகள் போன பிறகும் அவன் அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.